பெட்டியைத் திறங்கள், பங்கு கேட்க மாட்டேன்: நாலு வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

திருமங்கலத்துக்கு மேற்கே கரிசல் காட்டில் முளைத்து, இன்று மதுரை, திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கும் நம் நாலு வீட்டுப் பங்காளிகளுக்கும், நம் வீட்டில் பிறந்து வேறு ஊருக்கு வாழப்போன அத்தைமார், அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு நிலம் வேண்டாம். மானாவாரிப் புஞ்சையில் எனக்கு வரக்கூடிய பங்கை அளந்தால் ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? எனக்கு வேண்டியது உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் பரணிலும் கிடக்கிற பழைய தாள்கள். அதுகூட வேண்டாம், அவற்றைப் பார்க்கிற வாய்ப்புப் போதும். குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்டால் கும்பிடு போடுகிற பொம்மை மட்டும்தான் வருகிறது. நேரில் கேட்டால் "எதுக்குப்பா அதெல்லாம்?" என்று பெரியப்பாமார் தொண்டையைக் கனைக்கிறார்கள். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். இதே கதை வேறு பல குடும்பங்களிலும் நடக்கிறது என்று எனக்குத் தெரியும், அவர்களும் படிக்கட்டும்.

நம் பூட்டனைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு கதை. ஒரு வீட்டில் அவர் நூறு குறுக்கம் நிலத்துக்குச் சொந்தக்காரர். இன்னொரு வீட்டில் தாது வருஷப் பஞ்சத்தில் ஊருக்கே கஞ்சி ஊற்றியவர். மூன்றாம் வீட்டில், அதாவது எங்கள் வீட்டில், சொந்தத் தம்பியை நம்பி ஏமாந்தவர். "கிழக்குக் காட்டை அவன் எழுதி வாங்கிட்டான்" என்று எங்கள் அப்பத்தா சாகிற வரைக்கும் சொன்னது. அந்தத் தம்பி வீட்டாரோடு இன்றைக்கும் நாம் கோயிலில் தனித்தனி அடுப்பில்தான் பொங்கல் வைக்கிறோம்.

என் கையில் இருக்கும் தாள்கள் கொஞ்சம்தான். எங்கள் பரணில் இருந்த கிஸ்தி ரசீதுகள், ஒரு தக்காவி (சம்சாரிக்கு அரசாங்கம் கொடுத்த கடன்) நோட்டீசு, சின்னத் தாத்தா வீட்டு மதினி பழைய பேப்பருக்குப் போட இருந்ததைப் பிடுங்கி வைத்த ஒரு கணக்கு நோட்டில் பாதி. அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு வாங்கிய சில பத்திர நகல்கள். இவ்வளவுக்கே நம் கதைகள் பாதி ஆட்டம் கண்டுவிட்டன.

தாது வருஷத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் அந்த ஒத்திச் சீட்டில் "தாது வருஷம் ஆவணி மாதம்" என்று இருக்கிறது. சரி. ஆனால் தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு முறை திரும்பி வரும். பஞ்சம் வந்த தாது 1876. அடுத்த தாது 1936. அந்தச் சீட்டின் தலைப்பில் இருப்பது ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. அவர் பட்டத்துக்கு வந்ததே 1910-ல். பின்பக்கத்தைப் புரட்டினால் முத்திரைத்தாள் விற்றவர் தேதி போட்டு, யாருக்கு விற்றார் என்றும் எழுதியிருப்பார். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றப் பெரியப்பா சம்மதிக்கவில்லை. பஞ்சத்தில் பூட்டன் கஞ்சி ஊற்றியிருக்க முடியாது. அப்போது அவர் பிறந்தே இருக்க மாட்டார்.

கிஸ்தி ரசீதில் இந்தக் குழப்பம் கிடையாது, அதில் பசலி (தீர்வைக் கணக்குக்கான வருஷம்) எண் இருக்கும். பசலியோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில வருஷம். ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடியும். நம்மிடம் இருப்பதில் பழையது பசலி 1323, அதாவது 1913 ஜூலையிலிருந்து 1914 ஜூன் வரை. அதில் பூட்டன் பெயரில் தீர்வை கட்டியது சுமார் ஒன்பது ஏக்கர் புஞ்சைக்கு. நஞ்சை ஒரு செண்டுகூட இல்லை. நூறு குறுக்கத்துக்கு அவ்வளவுதான் ஆயுசு. எனக்கு இதில் வருத்தமில்லை. பெரியாற்றுத் தண்ணீர் 1895-ல் மலையைக் குடைந்து வந்து மேலூர்ப் பக்கத்தை நெல் வயலாக்கிய காலத்தில், வானத்தை மட்டும் நம்பி ஒன்பது ஏக்கர் கரிசலில் பருத்தியும் கம்பும் போட்டு நாலு பிள்ளைகளை ஆளாக்கிய மனிதர் என்பது எனக்கு ஜமீன் கதையைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் எல்லோரும் பார்க்க வேண்டும்.

எழுதியவர் பூட்டன் இல்லை. அவருடைய அந்தக் காலத்துப் பத்திரங்களில் எல்லாம் "தற்குறி" என்று போட்டுப் பெருவிரல் ரேகைதான் இருக்கிறது. நோட்டில் எழுத்து யாரோ படித்தவருடையது, அநேகமாகத் திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳. பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸ என்று குறிகளாகவே போகிறது. எண்களும் தமிழ் எண்கள், காலும் அரைக்காலும் மாகாணியுமாக. முதலில் தலை சுற்றும், நாலு பக்கம் தாண்டினால் கண் பழகிவிடும். ஆனால் ரேகை வைத்த அதே மனிதர் 1930-களில் ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோட்டை விட்டு ஏறி இறங்கி நிற்கிறது. பேரன் பிறந்த வயதில் எழுதப் பழகியிருக்கிறார். யாரிடம் பழகினார், எதற்காகப் பழகினார் என்று நம்மில் யாருக்காவது தெரியுமா? ஒரு கதைகூட இதைப் பற்றி நம்மிடம் இல்லை.

நோட்டில் பருத்தி விற்ற கணக்கு வருகிறது. பொதி இத்தனை, வண்டி வாடகை இத்தனை, தரகு இத்தனை. முன்பக்கங்களில் "விருதுபட்டி" என்றும் பின்பக்கங்களில் "விருதுநகர்" என்றும் இருக்கிறது. அந்த ஊர் பெயர் மாறியது 1923-ல், ஆகவே தேதி இல்லாத பக்கங்களையும் ஓரளவு வரிசைப்படுத்த முடிகிறது. அதற்கு முன்னால், காளயுக்தி வருஷம் ஐப்பசியில் ஒரு வரி: "௸ காரியச் செலவு". யாருடைய காரியம் என்று இல்லை. காளயுக்தி என்றால் 1918, விஷக் காய்ச்சல் ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போன ஐப்பசி. 1899-ம் ஆண்டுச் சட்டப்படி அப்போதெல்லாம் கிராம முன்சீப்தான் பிறப்பு, இறப்பைப் பதிய வேண்டும். அந்தப் பழைய பதிவேட்டைப் பார்த்தபோது பூட்டனின் மனைவி பெயர் இருந்தது, காரணம் "காய்ச்சல்". நம் பூட்டி அவர் இல்லை. பூட்டிக்கு முன்னால் ஒருவர் இருந்திருக்கிறார்; நம் மூத்த தாத்தா அவர் வயிற்றுப் பிள்ளை. நம் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. இங்கே எழுதப்போவதில்லை, படையலின்போது சொல்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் கிணறு. கிழக்குக் காட்டில் கிணறு வெட்டத் தக்காவிக் கடன் வாங்கியிருக்கிறார். 1883-ல் வெள்ளைக்காரன் கொண்டு வந்த நில அபிவிருத்திக் கடன் சட்டம், கிணறு வெட்ட, கரை போட என்று சம்சாரிக்கு அரசாங்கமே கடன் கொடுக்கும். நல்ல திட்டம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் தவணை தவறினால் அது தீர்வை பாக்கி மாதிரி வசூலாகும், ஜப்தி வரைக்கும் போகும். வெட்டுக் கூலி, வெடி மருந்து, வடம், மாட்டுக்குத் தீனி என்று பக்கம் பக்கமாகச் செலவு. கரிசலைத் தாண்டிச் சுக்காம்பாறை, அதற்குக் கீழே "கல்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. கூலி இரண்டு மடங்காகிறது. அதோடு நோட்டு அறுந்துவிட்டது. தையல் விட்டுப் பாதி பிரிந்து போயிருக்கிறது. மற்ற பாதி உங்களில் யார் வீட்டிலோ இருக்க வேண்டும்.

அதற்கு அடுத்து என்னிடம் இருப்பது தக்காவி பாக்கிக்கு வந்த நோட்டீசு. அதே வருஷம் கிழக்குக் காட்டுக் கிரயப் பத்திரம். வாங்கியவர் அவர் தம்பி இல்லை! கள்ளிக்குடிப் பக்கத்து ஆள் ஒருவர், நமக்கு எந்த உறவும் கிடையாது. பத்திரத்திலேயே, மேற்படி நிலத்தின் பேரில் பெற்ற தக்காவிக் கடனைச் செலுத்துவதற்காக என்று காரணம் எழுதியிருக்கிறது. ஆறு வருஷம் கழித்து அந்தக் கள்ளிக்குடிக்காரரிடமிருந்து அதே நிலத்தை விலை கொடுத்து வாங்கியவர்தான் தம்பி. அவர் எங்கிருந்து பணம் கொண்டு வந்தார் என்பதும் பத்திரத்தில் ஓரளவு தெரிகிறது: "இலங்கைக் கண்டியிலிருந்து வந்து" என்று அவர் விலாசம் தொடங்குகிறது. தனுஷ்கோடியில் கப்பல் ஏறித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சம்பாதித்த காசு. வெளியாள் கைக்குப் போன காட்டை மீட்டவரைத்தான் மூன்று தலைமுறையாக நம் வீட்டில் ஏமாற்றுக்காரர் என்று திட்டிக்கொண்டிருக்கிறோம். தம்பி வீட்டுப் பங்காளிகளே, கண்டியிலிருந்து வந்த மணியார்டர் கூப்பன்கள் ஒரு கட்டு உங்கள் பெட்டியில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். கூப்பனில் அனுப்புகிறவர் இரண்டு வரி எழுத இடம் உண்டு. அதை வெளியே எடுத்தால் உங்கள் தாத்தாவின் பெயர்தான் துலங்கும். நீங்களே ஏன் மறைக்கிறீர்கள்?

மறைப்பதற்குக் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. பத்திரத்தைக் காட்டினால் எவனாவது வக்கீலைப் பார்ப்பான் என்ற பயம். எண்பதுகளில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் வந்தபோது உட்பிரிவு மாறி, ஏக்கர் ஹெக்டேராகி, ஒருவர் காடு இன்னொருவர் பட்டாவில் ஏறிய கூத்தை நீங்கள் பார்த்தவர்கள். கூட்டுப் பட்டாவில் பெயர் விட்டுப்போனவர்கள் இன்னும் மனுவோடு அலைகிறார்கள். 1989-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை சட்டமானதும் நம் வீட்டு ஆண்கள் பெட்டிக்கு இன்னொரு பூட்டுப் போட்டார்கள், அதுவும் தெரியும். அதற்கு முன்பே கல்யாணமானவர்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. 2005 மத்தியச் சட்டம் அந்தத் தடையையும் எடுத்தது. அத்தைமாருக்கு உரிமை இருந்தால் இருக்கிறது, பூட்டுப் போட்டதால் போய்விடாது. அது தனிப் பஞ்சாயத்து.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒளித்து வைத்திருக்கும் பதிவுப் பத்திரம் ரகசியமே இல்லை. 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, சொத்துப் பத்திரங்கள் நகலெடுத்து வைக்கப்படும் 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில் இருக்கிற 3-ம் புத்தகத்துக்கும், சொத்தைச் சேராத மற்றப் பத்திரங்கள் இருக்கிற 4-ம் புத்தகத்துக்கும்தான் கட்டுப்பாடு. ஆன்லைன் வில்லங்கச் சான்றிதழ் மிகப் பழைய வருஷங்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது, அவற்றைக் கையால்தான் தேட வேண்டும். சர்வே எண் தெரியாவிட்டால் பெயர் அட்டவணையில் தேடலாம். நான் அப்படித்தான் எடுத்தேன். கெட்ட எண்ணம் உள்ளவன் எவனும் உங்கள் பெட்டிக்காகக் காத்திருக்க மாட்டான்.

எந்த அலுவலகத்திலும் இல்லாதவை வேறு. கணக்கு நோட்டு, மொய் நோட்டு, கடிதம், மணியார்டர் கூப்பன், சந்தைச் சீட்டு, மாட்டுத் தரகர் எழுதிக் கொடுத்த துண்டு, ஜாதகக் கட்டு. கோர்ட்டில் இவற்றை வைத்து யாரும் ஒரு செண்டு நிலம் வாங்கப்போவதில்லை. உலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. அவற்றைத்தான் போகி அன்றைக்கு நெருப்பில் போடுகிறோம், வீடு இடிக்கும்போது குப்பை வண்டியில் ஏற்றுகிறோம். ஊரே பார்க்கக்கூடியதைப் பூட்டி வைக்கிறோம், நம்மிடம் மட்டும் இருப்பதை எரிக்கிறோம். என்ன கணக்கு இது?

பழைய கர்ணம் (ஊர்க் கணக்குப்பிள்ளை) இருந்தால் வாயாலேயே பாதி சொல்லிவிடுவார். 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. ஒழிக்க வேண்டியதுதான், அவர்கள் ஆண்ட அழகு ஊருக்கே தெரியும். ஆனால் யார் யாருக்கு மகன், எந்தக் காடு எப்போது யார் கையில் இருந்தது என்கிற ஞாபகமும் அந்த வீடுகளோடு போய்விட்டது. இப்போது கிராம நிர்வாக அலுவலர் மூன்று வருஷத்தில் மாறிப்போவார், அவரிடம் பூட்டன் கதை கேட்க முடியாது.

வெளியூர்ப் பங்காளிகளுக்கு ஒரு வழி சொல்கிறேன், இது நானே தற்செயலாகக் கண்டது. பூட்டன் பெயரை அவர் பத்திரத்தில் மட்டும் தேடாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரரின் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்போது "இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு" என்று அவர் வந்து நிற்பார். இன்னொருவர் கிரயத்தில் சாட்சியாக வருவார். அவர் பெயரில் ஒரு தாளும் இல்லாத வருஷங்களில்கூட அவர் ஊரில்தான் இருந்தார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆகவே உங்கள் மாமன் மச்சான் வீட்டுப் பத்திரத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

இன்னொரு விஷயம், சொல்லக் கொஞ்சம் சங்கடம்தான். அந்த நோட்டு நம் குடும்பத்தைப் பற்றியது மட்டுமில்லை. களத்தில் கூலி அளந்த பக்கங்களில் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் நேரே மரக்கால் கணக்கு. அவர்கள் யார் பேரிலும் பட்டா இருந்ததில்லை. சிட்டாவிலும் அடங்கலிலும் பத்திரத்திலும் அவர்கள் பெயர் வர வழியே இல்லை. குத்தகைக்கு உழுதவர்களைப் பதியச் சட்டம் வந்ததே 1969-ல். கூலிக்கு உழைத்தவர்களுக்கு அதுவும் இல்லை. அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் இன்று ஊரின் தெற்குத் தெருவில் இருக்கிறார்கள். ஒருவர் மின்வாரியத்தில் வேலை, ஒரு பெண் நர்சு. தங்கள் பூட்டனைத் தேட நினைத்தால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தாள் நம் வீட்டு நோட்டாகத்தான் இருக்கும். அதில் நமக்குப் பெருமை தராத வரிகளும் இருக்கின்றன. ஒருவருக்கு முன்பணம் ஐந்து ரூபாய் என்று ஒரு பக்கத்தில் வருகிறது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அந்த ஐந்து ரூபாய் தீரவே இல்லை, கூடிக்கொண்டே போகிறது. பூட்டன் நல்லவர் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கங்களை நகலெடுத்துத் தெற்குத் தெருவில் கொடுக்கப் போகிறேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் என்னிடம் நேரில் சொல்லுங்கள். ஆனாலும் கொடுப்பேன்.

அத்தைமாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழப்போன வீட்டுக்கு இங்கிருந்து எழுதிய கடிதங்கள் உங்களிடம்தான் இருக்கும். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, பருத்தி என்ன விலை என்று அந்தக் கார்டுகளில் இருக்கிற அளவுக்கு வேறு எதிலும் கிடையாது. தாத்தா எழுதிய கார்டில் "உன் அம்மாவுக்கு உடம்பு தேவலை" என்று ஒரு வரி இருந்தாலும் அது எனக்குப் பத்திரத்தைவிடப் பெரிது.

சரி, இனி நடக்க வேண்டியதைப் பேசுவோம். வருகிற சிவராத்திரிக்கு எல்லோரும் குலதெய்வம் கோயிலுக்கு எப்படியும் வருவீர்கள். மறுநாள் காலை, கிடா வெட்டுக்கு முன்னால், கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போடுகிறேன். உங்கள் தாள்களை நீங்களே கொண்டு வாருங்கள், நீங்களே பிரியுங்கள், நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்தில் போன் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறேன், தாள் உங்கள் கையை விட்டு நகராது. சொத்துப் பத்திரம் கொண்டு வர மனமில்லை என்றால் விட்டுவிடுங்கள், மற்றதைக் கொண்டு வாருங்கள். எடுத்த படங்கள் நாலு வீட்டுக்கும் ஒரே மாதிரி வரும். எவருக்கும் தனியாக ஒன்றும் போகாது.

அதுவரை தயவுசெய்து லேமினேஷன் கடைக்குப் போகாதீர்கள். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, தாள் உள்ளேயே கெடும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப்பும் வேண்டாம், மஞ்சள் கறை ஏறிவிடும். மடித்ததை வேகமாகப் பிரித்தால் மடிப்பிலேயே ஒடியும். கரையான் இருந்தால் பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி, சுவரில் படாமல் வையுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம், மை வெளுத்துவிடும். நிழலும் காற்றும் போதும்.

பெரியப்பா, அந்த ஒத்திச் சீட்டுச் சட்டத்தை அன்றைக்காவது கழற்றவிடுங்கள். பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நானே திருப்பி மாட்டித் தருகிறேன்.

நோட்டின் பின்பாதி யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் சிவராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முதல் சில பக்கங்களைப் பார்த்து, கிழக்குக் காட்டுக் கிணற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா என்று ஒரு போன் போடுங்கள். வாசிக்க வராவிட்டால் படம் எடுத்து அனுப்புங்கள், நான் வாசித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வீட்டுக் கடைசிப் பேரன்,
மதுரை